கறுப்புக்கால், மஞ்சக்கால்

போன வருஷம் கார்த்திகையில் அக்காவுக்கு இடது கண்ணில் புரை எடுத்தார்கள். மார்கழியில் வலது கண். இரண்டும் இங்கே புனேயில்தான் நடந்தன. கராடியில் வேலை பார்க்கும் என் மகள், ஆபீசுக்குப் பக்கத்திலேயே நல்ல கண் ஆஸ்பத்திரி இருக்கிறது, அத்தையைக் கூட்டி வாருங்கள் என்றாள். நான்தான் கோவில்பட்டிக்குப் போய் அக்காவை ரயிலில் அழைத்து வந்தேன். கண்ணுக்குள்ளேயே லென்ஸ் வைத்தாகிவிட்டது, இனி தூரத்துக்குக் கண்ணாடி வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கல்யாணமான நாளிலிருந்து கண்ணாடி போட்டே பழகியவளுக்கு அது ஒரு சங்கடமாகிப் போனது. மூக்கின் மேல் விழுந்திருந்த பள்ளத்தைத் தடவித் தடவி, "மூக்கு வெறிச்சுன்னு இருக்குல" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

சங்கராந்தி நெருக்கத்தில் ஒருநாள் காலை, மகள் வீட்டுக்குப் பின்னால் ஆற்றங்கரை வரை நடக்கலாம் என்று போனோம். ஆறு என்று மரியாதைக்குச் சொல்கிறேன். நகரத்தின் சாக்கடையெல்லாம் சேர்ந்து நுரை தள்ளிக்கொண்டு போகிறது. பின்னால் கண்ணாடிக் கட்டடங்கள் நிற்கின்றன. ஆனால் கரையோரச் சேற்றில் குளிர்காலத்துக் குருவிகள் வந்திருந்தன. உள்ளங்கைக்குள் அடங்கும் அளவு உடம்பு, சாம்பல் முதுகு, ஓயாமல் சேற்றைக் கொத்துகிற அலகு. அக்கா நின்றுவிட்டாள்.

"கறுப்புக்கால்," என்றாள். உடனே, "இல்ல. இரி. சேறா இருக்கும்," என்றாள்.

நேரமாகிறது, வெயில் ஏறுகிறது, போவோமா என்றேன்.

"எங்கல போவணும்? அது தண்ணில எறங்கட்டும். கால் கழுவட்டும். அப்புறம் சொல்லுவோம்."

அந்தக் குருவி தண்ணீரில் இறங்கும்வரை நாங்கள் நின்றோம். அது இறங்கி ஏறியபோது கால்கள் மஞ்சளாக இருந்தன. நான் பேச ஆரம்பித்தேன். என் பதினோராம் வயதிலிருந்து ஒருவரிடமும் சொல்லாததை அந்த நுரைக்கரையில் நின்று அவளிடம் சொன்னேன். அதையே இங்கேயும் எழுதுகிறேன்.

அப்போது எங்கள் வீடு இதே புனேயின் மறுகோடியில், கசார்வாடியில், ரயில் பாதைக்கும் பம்பாய் ரோட்டுக்கும் நடுவில் இருந்தது. அப்பா ரோட்டோரத் தொழிற்சாலை ஒன்றில் ஸ்டோர்ஸ் கணக்கு பார்த்தார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து வெகுநாளாகியும், வீட்டுக்குள் பேச்சு தாமிரபரணியைத் தாண்டவில்லை. வாசலைத் தாண்டினால் இந்தியும் மராத்தியும். பின்பக்கம் கொஞ்ச தூரம் நடந்தால் பவனா ஆறு. அதன் சேற்றுக் கரையில் எருமைகள் படுத்திருக்கும். எருமைகளைச் சுற்றி, மழை முடிந்தபின் எங்கிருந்தோ வரும் சின்னப் பறவைகள் மேயும்.

அக்கா அப்போது பி.எஸ்ஸி. கடைசி வருஷம். அவளுக்குத் தூரத்தில் இருப்பது எதுவும் தெரியாது. இது வீட்டில் எல்லோருக்கும் தெரியும், ஒருவரும் சொல்ல மாட்டார்கள். அம்மா அதைக் கண் கோளாறு என்று ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. அக்கா எதையாவது உற்றுப் பார்த்தால், "ஏட்டி, கண்ணைச் சுருக்காத, நெத்தியில கோடு விழுந்துரும்" என்பாள். கண்ணுக்குப் பொன்னாங்கண்ணி நல்லது. அது கிடைக்காத ஊராகையால் வெந்தயக்கீரையை அதற்குப் பதிலாக ஆக்கிப் போட்டாள். இரண்டும் பச்சைதானே என்பது அம்மாவின் வைத்தியம். கண்ணாடி மட்டும் கூடாது. கண்ணாடி போட்ட பெண்ணின் ஜாதகத்தை எவன் கையில் வாங்குவான்?

பார்வை மங்கலான பெண் பறவை பார்க்கக் கிளம்பியது எப்படி என்று கேட்கலாம். அவள் பார்த்தது குறைவு, கேட்டது அதிகம். மங்கலிலும் அசைவு தெரியுமே. ஓடி, நின்று, மறுபடி ஓடினால் அது உப்புக்கொத்தி. நின்ற இடத்தில் பின்பக்கத்தை ஆட்டிக்கொண்டே இருந்தால் உள்ளான். தையல் மிஷின் ஊசி மாதிரி கொத்தினால் கொசு உள்ளான். இதெல்லாம் அவளுக்கு என் உதவி இல்லாமலே தெரியும். சிக்கல் கொசு உள்ளானில்தான். அதில் இரண்டு ஜாதி. இரண்டும் ஒரே அளவு, ஒரே சாம்பல். ஒன்றுக்குக் கால் கறுப்பு, மற்றதற்கு மஞ்சளும் பச்சையும் கலந்த நிறம். புத்தகத்தில் என்னென்னவோ பேர் போட்டிருந்தது. எங்களுக்குள் அவை கறுப்புக்கால், மஞ்சக்கால். குரலில் வித்தியாசம் உண்டு. கறுப்புக்கால் 'ட்டிட்' என்று வெட்டிச் சொல்லும். மஞ்சக்கால் எழும்போது சின்ன மணியை உருட்டிவிட்டது போலக் குரல் தரும். ஆனால் அவை பறந்தால்தானே கத்தும். சும்மா மேயும்போது காலைத்தான் பார்க்க வேண்டும். அதற்கு நான் வேண்டும்.

எப்படியும் நான் வேண்டும். பொம்பளைப் பிள்ளை ஒற்றையில் ஆற்றங்கரைக்குப் போகக் கூடாது, தம்பியைக் கூட்டிக்கொண்டு போ என்பது அப்பாவின் சட்டம். பதினோரு வயதுப் பையன் ஆபத்து வந்தால் என்ன செய்வான் என்று யாரும் யோசித்ததில்லை. பக்கத்தில் ஒரு ஆண் நடந்தால் போதும். அந்த ஆணுக்கு மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தாலும் பரவாயில்லை.

அந்த வருஷம் அக்காவின் கல்லூரியில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு மேடம் ஆற்றுப் பறவைகளைக் கணக்கெடுக்கிறார், கூட வேலை செய்ய மாணவர் ஒருவர் வேண்டும், விருப்பமுள்ளவர்கள் ஞாயிற்றுக்கிழமை தாப்போடி ஆற்றுப்பாலத்துக்குக் கீழே வரலாம், நேரில் சோதித்துப் பார்த்து எடுப்பார் என்று. அதில் சேர்ந்தால் எம்.எஸ்ஸி.க்கு இடம் கிடைப்பது சுலபம். அக்கா இரண்டு நாள் தயங்கி அப்பாவிடம் சொன்னாள். பீரோவில் ஏற்கெனவே அவளுடைய ஜாதகத்தின் நகல்கள் தயாராக இருந்தன. தை பிறந்ததும் அனுப்புவதாகத் திட்டம்.

அப்பா கணக்குப் பார்ப்பவர். பேரம் பேசாமல் எதையும் விடமாட்டார். "அந்த அம்மா உன்னைய எடுத்துக்கிட்டாங்கன்னா இன்னும் ரெண்டு வருசத்துக்கு ஜாதகத்தத் தொடமாட்டேன். எடுக்கலன்னா தை மாசம் நான் சொல்லுத எடத்துக்குத் தலையாட்டணும். சரியா?"

"சரிப்பா," என்றாள் அக்கா.

அன்று ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் என்னைக் கொல்லைப் பக்கம் கூட்டிக்கொண்டு போனாள். ஒரு திட்டம் வைத்திருந்தாள். சோதனையின்போது நான் அவளுக்கு முன்னால், கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். கிட்டத்தில் இருப்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். கறுப்புக்கால் என்றால் ஒரு விரல். மஞ்சக்கால் என்றால் இரண்டு விரல்.

"தெரியலன்னா கைய மூடிக்கிடணும். கேட்டியா? அதுதான் முக்கியம். தெரிஞ்ச மாதிரி நடிச்சிராத."

"மூடுனா நீ என்ன சொல்லுவ?"

"தெரியலன்னு சொல்லுவேன். தெரியலன்னு சொல்லுததுக்கும் மார்க் உண்டுல."

அப்படி ஒரு மார்க் உலகத்தில் இருப்பதாக என் பள்ளிக்கூடத்தில் யாரும் சொன்னதில்லை. அங்கே தெரியாது என்றால் ஸ்கேல். மூடிய கையை அந்த நிமிஷமே மனசிலிருந்து எடுத்துவிட்டேன்.

அந்த வாரம் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. அக்காவின் வாழ்க்கை என் விரலில் இருக்கிறது என்றெல்லாம் யோசிக்கத் தெரியாது. நான் பயந்தது பிடிபடுவதற்கு. பரீட்சையில் காப்பி அடித்த ஒரு பையனை எங்கள் பள்ளிக்கூடத்தில் அப்போதுதான் மைதானத்தில் நிறுத்தி வைத்திருந்தார்கள். அவன் கழுத்தில் சிலேட்டைத் தொங்கவிட்டிருந்தார்கள். எனக்கும் ஒரு சிலேட்டு வரப்போகிறது என்று நினைத்தேன். அதில் என்ன எழுதுவார்கள் என்றுகூட யோசித்து வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பனி விலகுமுன் தாப்போடி போய்விட்டோம். மேடத்துக்கு அம்மாவைவிடக் கொஞ்சம் கூடுதல் வயது இருக்கும். சேலையை உயர்த்திச் செருகி, காலில் கேன்வாஸ் ஷூ, தலையில் ஆண்கள் போடுகிற தொப்பி. மூன்று கால் வைத்த தாங்கியின் மேல் நீளமான ஒரு தொலைநோக்கி வைத்திருந்தார். வந்திருந்த மாணவர்களில் கடைசிவரை நின்றது அக்காவும், சைக்கிளில் வந்த ஒரு பையனும்தான். மற்றவர்கள் உப்புக்கொத்தியிலேயே விழுந்துவிட்டார்கள். சைக்கிள்காரன் கெட்டவன் இல்லை, வாய் மட்டும் கொஞ்சம் நீளம். என்னைப் பார்த்து இந்தியில், "பாடிகார்டு சாகேப், பிஸ்தோல் எங்கே?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். மேடமும் சிரித்தார். நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

முதலில் எல்லாம் நன்றாகவே போனது. ஓடி நிற்பது, வாலாட்டுவது எல்லாவற்றையும் அக்கா பட்டென்று சொன்னாள். கறுப்புக்கால்கள் ஒரு கூட்டமாக மேய்ந்தன. என் ஒரு விரலைப் பார்த்துச் சொன்னாள், சரியாகவே இருந்தது. எனக்கு உள்ளங்கை வேர்த்து, விரல்கள் ஒன்றோடொன்று வழுக்கின. ஆற்றைவிட என் முதுகுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்பதில்தான் கவனம். யார் எங்கே நிற்கிறார்கள், யாருடைய பேச்சு நின்றுபோனது, யார் இருமினார்கள் என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன்.

அப்போது எருமை ஒன்று எழுந்து உடம்பை உதறியது. அதன் அந்தப் பக்கத்திலிருந்து ஒற்றைக் குருவி ஒன்று கிளம்பி, வட்டமடித்து, எங்கள் பக்கத்துச் சேற்றில் வந்து உட்கார்ந்தது. வரும்போது கத்திக்கொண்டே வந்தது. மணியை உருட்டினாற்போல.

"இது?" என்றார் மேடம்.

நான் காலைப் பார்த்தேன். கறுப்பாக இருந்தது. அந்தக் கரைச் சேறும் கறுப்புத்தான், மேலே உள்ள பட்டறைகளிலிருந்து வடியும் எண்ணெயும் சாக்கடையும் கலந்த கறுப்பு. குருவி அதில் முழங்கால்வரை புதைந்து நடந்துகொண்டிருந்தது. கால் கறுப்பா, சேறு கறுப்பா என்று எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்பது தெரிந்தது. கை மூட வேண்டிய இடம் அது. நான் ஒரு விரலை நீட்டினேன்.

வழக்கமாகப் பட்டென்று சொல்கிற அக்கா தயங்கினாள். பின்னாலிருந்து மெதுவாகத் தமிழில், "நல்லாப் பாத்தியால?" என்றாள்.

விரலை இன்னும் விறைப்பாக நீட்டினேன்.

அந்தச் சமயத்தில் குருவி இரண்டு அடி வைத்துத் தெளிந்த தண்ணீரில் இறங்கியது. நாலைந்து கொத்து கொத்திவிட்டு, எதிரே ஒரு கல்லில் ஏறி நின்றது. வெயில் நேராக அதன் மேல் விழுந்தது. கால் இரண்டும் பழுக்க ஆரம்பித்த எலுமிச்சங்காய் நிறம். இன்னும் ஒரு விரலைச் சேர்த்து நீட்ட வேண்டியதுதான். அக்கா இன்னும் வாயைத் திறக்கவில்லை. நீட்டப் போனவன், என்ன தோன்றியதோ, தலையைத் திருப்பிப் பின்னால் பார்த்தேன். அக்காவுக்குப் பக்கத்தில் நின்ற மேடத்தின் கண்கள் ஆற்றில் இல்லை. என் கைகளில் இருந்தன.

நான் இரண்டு கைகளையும் டவுசர் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

அக்கா கறுப்புக்காலின் பேரைச் சொன்னாள்.

"பக்கா?" என்றார் மேடம்.

"பக்கா," என்றாள் அக்கா. குரல் தேய்ந்திருந்தது.

சைக்கிள்காரன் மற்றதன் பேரைச் சொன்னான். அவனுக்கும் குருவி காலைக் கழுவிய பிறகுதான் தெரிந்திருக்கும். மேடம் ஒன்றும் தீர்ப்புச் சொல்லவில்லை. தொலைநோக்கியைக் குருவியின் மேல் திருப்பி வைத்து, அக்காவைப் பார்க்கச் சொன்னார். அக்கா குனிந்தாள். அதற்குமுன் அவள் அந்த மாதிரிக் கருவியைத் தொட்டதில்லை. கையில் தட்டுப்பட்ட வளையத்தை ஒரு பக்கமாகத் திருகினாள், மறுபடி திருகினாள், நின்றாள். அப்புறம் எழவே இல்லை. தான் தோற்றதைப் பார்க்கிற மாதிரி இல்லை அவள் நின்றது. கல்யாண வீட்டு ஜன்னலில் எட்டிப் பார்க்கிற சிறுபிள்ளை மாதிரி முகத்தை ஒட்டவைத்துக்கொண்டு நின்றாள். "எய்யா, கண்ணச் சுத்தி வட்டம் இருக்கு," என்றாள் தமிழில், யாரிடமோ. பிறகு, "மஞ்ச," என்றாள்.

அடுத்துக் குனிந்த சைக்கிள்காரன், "இது என்ன, ஒரே மங்கலா இருக்கு, பனி புகுந்துவிட்டதா உள்ளே?" என்று கத்தினான். மேடம் குனிந்து பார்த்தார். வளையத்தை அக்கா திருகிய அளவுக்கு எதிர்ப்பக்கமாகத் திருகினார். அது நிறையத் திருகவேண்டியிருந்தது. திருகும்போதே தலையை உயர்த்தி அக்காவைப் பார்த்தார். இன்று எனக்குப் புரிகிறது, அந்த வளையம் அவருக்கு எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறது. கிட்டப்பார்வைக்காரர் தன் கண்ணுக்கு ஒத்துவரும்படி திருகினால் மற்றவர்களுக்கு எல்லாம் மங்கிப்போகும். அன்று நான் கண்டதெல்லாம், மேடத்தின் கண்கள் அக்காவிடமிருந்து என் டவுசர் பைக்கு வந்தது மட்டும்தான்.

அக்கா நிற்கவில்லை. மேடத்தைக் கும்பிட்டாள், திரும்பினாள், விறுவிறுவென்று பாலத்தை நோக்கி ஏறினாள். சேற்றுக்காகக் கழற்றிப் போட்டிருந்த செருப்பை மறந்துவிட்டாள். பாதி வழி அவள் பின்னால் ஓடிவிட்டு, செருப்பை எடுக்க நான் மட்டும் திரும்பி வந்தேன்.

செருப்பு மேடத்தின் கையில் இருந்தது. புல்லில் சேற்றைத் துடைத்துக்கொண்டிருந்தார். என்னிடம் கொடுக்காமல், மற்றவர்களுக்குக் கேட்காதபடி குனிந்து இந்தியில் பேசினார். உன் விரல்களைப் பார்த்தேன் என்றார். எனக்கு மூத்திரம் முட்டியது. அவர் சிரித்துக்கொண்டே சொன்னார் என்பது ஞாபகமிருக்கிறது. பூனை சிரித்தாலும் எலிக்கு ஒன்றுதான். பிறகு சொன்னார்: "அக்காவிடம் சொல். இவர்கள் எல்லோருடைய கண்ணைவிட அவளுடைய காது நல்லது. அது கத்தினபோதே அவளுக்குத் தெரிந்துவிட்டது, நான் அவள் முகத்தைப் பார்த்தேன். கண்ணாடி வாங்கிப் போட்டுக்கொண்டு அடுத்த ஞாயிற்றுக்கிழமை இதே இடத்துக்கு வரச் சொல். இடத்தை அதுவரை யாருக்கும் கொடுக்கமாட்டேன். சொல்லுவாயா?"

"சொல்லுவேன்," என்றேன்.

இந்தி புரியவில்லை என்று சொல்லித் தப்ப வழியில்லை. நான் அந்தத் தெருவில் பிறந்து வளர்ந்தவன். ஒவ்வொரு வார்த்தையும் புரிந்தது. ஆனால் முதல் வார்த்தையிலேயே நான் முடிந்துபோயிருந்தேன். மேடம் விரல்களைப் பார்த்துவிட்டார். அதற்குப் பின்னால் வந்ததெல்லாம் எனக்கு அதற்கான தண்டனையாகவே காதில் விழுந்தது. கண்ணாடி போட்டுக்கொண்டு வா என்றால், அக்கா கண் தெரியாதவள் என்று ஊருக்குக் காட்டத்தான். அடுத்த ஞாயிறு வா என்றால், எல்லோரையும் வைத்துக்கொண்டு எங்கள் இரண்டு பேர் கழுத்திலும் சிலேட்டைத் தொங்கவிடத்தான். வரவழைத்துப் பிடிப்பதுதானே பெரியவர்களின் வழக்கம். எங்கள் ஹெட்மாஸ்டரும் "இங்க வாப்பா, ஒண்ணும் செய்யமாட்டேன்" என்றுதான் கூப்பிடுவார்.

பாலத்தின் மேல் அக்கா வெறுங்காலோடு நின்றிருந்தாள். அழுதிருந்தாள், துடைத்திருந்தாள்.

"மேடம் என்னல சொன்னாங்க?"

"செருப்பு ஒன்னோடதான்னு கேட்டாங்க."

அவ்வளவுதான். பக்கத்து ரயில் பாலத்தில் ஒரு ரயில் போய்க்கொண்டிருந்தது. அதன் சத்தம் ஓய்வதற்குள் சொல்லி முடித்துவிட்டேன்.

வீட்டில் அப்பா கேட்டார். அக்கா, "தப்பாச் சொல்லிட்டேம்ப்பா," என்றாள். என் விரலைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. அப்பா ஜெயித்த மாதிரி நடந்துகொள்ளவில்லை, அதையும் சொல்ல வேண்டும். கொஞ்ச நேரம் செய்தித்தாளைத் தலைகீழாகப் பிடிக்காத குறையாக உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்துபோய்ப் பீரோவைத் திறந்தார்.

அடுத்த ஞாயிறு வரையிலான நாட்களை நான் எப்படிக் கழித்தேன் என்று சொன்னால் சிரிப்பு வரும். வாசலில் சைக்கிள் மணி அடித்தால் கட்டிலுக்கு அடியில் போனேன். தொப்பி வைத்த பெண் யாராவது தெருவில் வந்தால் என்ன செய்வது என்று யோசித்து, பக்கத்து வீட்டு மாடிப்படிக்குக் கீழே ஒளிவதற்கு ஓர் இடம் பார்த்து வைத்தேன். ராத்திரியில் அக்கா பாயில் புரளும்போதெல்லாம், இப்போது எழுப்பிக் கேட்கப் போகிறாள் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன். அவள் கேட்கவே இல்லை. ஒரே ஒரு தடவை, முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தபோது, தனக்குத்தானே சொல்வதுபோலச் சொன்னாள்: "கத்துனது எனக்கு மணி மாதிரித்தான் கேட்டுது. ஆனா நீ கண்ணால பாத்தவன்லா. எங்காதுதான் தப்பாயிருக்கும்."

நான் உருவிய கீரையில் பூச்சி இருக்கிறதா என்று பார்க்கப் போய்விட்டேன்.

சனிக்கிழமை மாலை அவள் சேலையை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்தாள். இஸ்திரிக்கு எங்கள் வீட்டில் அதுதான் வழி. "நாளைக்கு ஒரு எட்டு தாப்போடிக்குப் போயிட்டு வருவோமால? அந்த மேடம் கணக்கெடுக்க வருவாங்க. அன்னைக்கு ஒண்ணுமே சொல்லாம வந்துட்டேன். மன்னிப்புக் கேட்டுட்டு, முடிஞ்சா அந்தக் குழாய்ல இன்னொரு தடவ பாத்துட்டு வந்துருவோம்."

யாரும் அவளைக் கூப்பிடவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தாள். இருந்தும் போகத் தயாராக இருந்தாள். சரி என்று தலையை ஆட்டினேன்.

விடிந்ததும் எனக்கு வயிற்றுவலி வந்தது.

முதலில் பொய்யாகத்தான் ஆரம்பித்தேன். ஆனால் அந்த வாரம் முழுக்கச் சரியாகச் சாப்பிடாததாலோ என்னவோ, முனகமுனக நிஜமாகவே எங்கேயோ வலித்தது. அக்கா சேலை கட்டிக்கொண்டு தயாராக நின்றாள். அம்மா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "காய்ச்ச இல்ல. வாய்வா இருக்கும். ஏட்டி, இவன விட்டுட்டு நீ எப்பிடிப் போவ? ஒத்தையில போவப்படாதுன்னு அப்பா சொல்லிருக்காகல்லா."

அக்கா கொஞ்ச நேரம் வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம் சேலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு சமையலறைக்குப் போனாள்.

தை மாதம் ஜாதகம் போனது. சித்திரையில் கோவில்பட்டியில் கல்யாணம். அத்தான் நல்ல மனுஷர், பேங்கில் வேலை. கல்யாணமான முதல் மாதமே, தெருவில் பஸ் போர்டு படிக்கத் தெரியாமல் அக்கா தடுமாறுவதைப் பார்த்துவிட்டு, கையோடு கூட்டிப்போய்க் கண்ணாடி வாங்கிக் கொடுத்துவிட்டார். அதில் அவருக்கு ஒரு குறையும் தோன்றவில்லை. எதற்கு இவ்வளவு நாள் போடாமல் இருந்தாய் என்று மட்டும் கேட்டாராம். கோவில்பட்டி கரிசல் ஊர், ஆறு கிடையாது. சைக்கிள்காரன் அந்த இடத்தில் சேர்ந்தானா, பெரிய ஆளானானா என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. மேடத்தை நான் பிறகு பார்க்கவேயில்லை. பார்க்காமல் இருக்கத் தாப்போடிப் பாலத்தின் மேல் நடப்பதையே விட்டுவிட்டேன்.

கராடி ஆற்றங்கரையில் நான் சொல்லி முடித்தபோது அக்கா என் முகத்தைப் பார்க்கவில்லை. குருவியையே பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டினால் நன்றாயிருக்கும் என்றும் நினைத்தேன்.

"காது நல்லதுன்னா சொன்னாங்க?" என்றாள்.

"ஆமா."

"அவுக எப்பிடிச் சொன்னாங்களோ அப்பிடியே சொல்லு. இந்தியிலயே சொல்லு."

சொன்னேன். எழுபதைத் தாண்டிய வயதில், பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்த இளவட்டங்கள் திரும்பிப் பார்க்க, அந்த வாக்கியங்களை இந்தியில் சொன்னேன். அவள் கேட்டுவிட்டு, "இன்னொரு தடவ," என்றாள். இன்னொரு தடவையும் சொன்னேன். வீட்டுக்குத் திரும்பும்போது படி ஏற அவள் என் கையைப் பிடிக்கவில்லை. கண் நன்றாகத் தெரிவதால் இருக்கலாம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலைதான் எனக்கு இப்போதெல்லாம் அடிக்கடி வருகிறது. அக்கா ஓமத்தண்ணி காய்ச்சி, ஆற்றி, வாயில் ஊற்றினாள். விளக்கெண்ணெயைச் சூடாக்கி என் தொப்புளைச் சுற்றித் தடவினாள். கட்டியிருந்த நல்ல சேலையில் எண்ணெய் பட்டது, அவள் கவனிக்கவில்லை. ஜன்னல் ஆற்றுப்பக்கம் திறந்திருந்தது. வெயில் ஏறி, அங்கே எல்லோரும் கலைந்து போயிருப்பார்கள் என்று தோன்றியபோது என் வலி போய்விட்டது. இப்போது தேவலையா என்று கேட்டாள். தேவலை என்றேன். அவளுடைய கை சூடாக என் வயிற்றின் மேல் இருந்தது. பெரிய கண்டத்திலிருந்து அக்காவைக் காப்பாற்றிவிட்டதாக நினைத்துக்கொண்டேன். அன்று காலை அவளுக்கு என் கண்கூட வேண்டியிருக்கவில்லை, கூட நடந்துவர இரண்டு கால் இருந்தால் போதும் என்பது எனக்குத் தெரியாது. ஒரு வாரத்துக்குப் பிறகு முதல் தடவையாக நிம்மதியாகத் தூங்கிப்போனேன்.